அடையாளமில்லாத இடத்தில் திசை பிடிப்பது எப்படி: சிங்கப்பூருக்குப் புதியவர்களுக்கு

சிங்கப்பூரில் எங்கே போய் வழி தவறுவது, ஊரே ஒரு கைப்பிடிதானே என்று பலரும் சிரிப்பார்கள். கிழக்குக்கும் மேற்குக்கும் இடையில் சுமார் 50 கிலோமீட்டர்தான், உண்மை. ஆனால் வழி தவற அவ்வளவு இடம் வேண்டியதில்லை. கண்ணுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காவிட்டால் ஒரு கால்பந்துத் திடலே போதும். துவாஸ் பக்கம் கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் மணலும் வானமும் மட்டுமே தெரிகிற வேலையிடம், மேகம் மூடிய பிற்பகலில் மெக்ரிட்சி காடு, புகைமூட்ட நாளில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் உட்கார்ந்து பார்க்கிற கடல், நிலத்தடி கார் நிறுத்துமிடம், ஒரே அச்சில் வார்த்ததுபோல் வரிசையாக நிற்கிற அடுக்குமாடி புளோக்குகள் எல்லாம் பார்க்க வேறு வேறு இடங்கள். மூளைக்கு மட்டும் எல்லாமே ஒரே சிக்கல்தான்.

“எனக்கு இயல்பாகவே நல்ல திசை ஞானம்” என்று சொல்பவர்கள்தான் இதை முதலில் படிக்க வேண்டும். ஊரில் உங்களுக்கு வழி காட்டியது உங்கள் ஞானம் இல்லை. கோயில் கோபுரம், தண்ணீர்த் தொட்டி, மலை, காற்று வரும் பக்கம், இவைதான் சத்தமில்லாமல் அந்த வேலையைச் செய்தன. அவற்றை எடுத்துவிட்டால் உள்ளே மிஞ்சுவது மிகவும் சொற்பம். அதனால் கீழே சொல்கிற எல்லா வழிகளும் வெளியே ஒரு குறியைப் பிடித்து, அது கைநழுவும் முன் அடுத்ததைப் பிடிப்பதைப் பற்றியவைதான்.

1. முதலில் உங்களையே சோதித்துப் பாருங்கள்

புளோக் பக்கத்தில் இருக்கிற புல்வெளிக்கு நண்பரோடு போங்கள். தூரத்தில் ஒரு மரத்தையோ கோல் கம்பத்தையோ பார்த்து நின்றுகொண்டு, துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு அதை நோக்கி நூறு அடி நடங்கள். நண்பர் பின்னால் வரட்டும், ஆனால் பேசக் கூடாது, ஏனென்றால் குரல் வந்தால் அதுவே ஒரு குறியாகிவிடும். கட்டை அவிழ்த்து எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள். பிறகு இதையே இன்னும் இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். பெரும்பாலோர் நேராகப் போய்ச் சேர மாட்டார்கள். ஒரு தடவை இடப்பக்கம் விலகியவர் அடுத்த தடவை வலப்பக்கம் விலகுவதும் நடக்கும்.

2009இல் ஜெர்மனியின் தூபிங்கன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த யான் சௌமனும் உடனிருந்தவர்களும் இதைப் பெரிய அளவில் செய்து வெளியிட்டார்கள். ஜெர்மனியில் ஒரு காட்டிலும் துனிசியாவில் சகாரா பாலைவனத்திலும் ஆட்களை “நேராக நடங்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டு, ஜிபிஎஸ் வைத்துப் பாதையைப் பதிந்தார்கள். சூரியன் தெரிந்த நேரத்தில் நடந்தவர்கள் ஓரளவு நேராகவே போனார்கள். மேகமூட்டத்தில் காட்டுக்குள் நடந்தவர்கள் வட்டம் போட்டார்கள், தாங்கள் முன்பு நடந்த தடத்தையே கடந்து போவதுகூடத் தெரியாமல். சகாராவில் இரவில் நடந்த ஒருவர் நிலவு தெரியும்வரை நேராகப் போனார், நிலவு மறைந்த பிறகு திரும்பி வந்த பக்கமே போக ஆரம்பித்தார். கண்ணைக் கட்டி நடந்தவர்கள் போட்ட வட்டங்களில் சில 20 மீட்டருக்கும் குறைந்த குறுக்களவு கொண்டவை. நான் திடலைச் சொன்னது சும்மா இல்லை.

ஒரு கால் இன்னொரு காலைவிடச் சற்று நீளம், அதனால்தான் வட்டமடிக்கிறோம் என்று ஒரு பழைய விளக்கம் உண்டு. அது உண்மையானால் ஒருவர் எப்போதும் ஒரே பக்கம்தான் வளைய வேண்டும். அப்படி வளையவில்லை. எது “நேர்” என்று மூளை வைத்திருக்கிற கணக்கில் ஒவ்வோர் அடிக்கும் ஒரு துளிப் பிழை சேர்கிறது, அதைத் திருத்த வெளியிலிருந்து தகவல் வராதபோது பிழைமேல் பிழை ஏறிக் கணக்கே திரும்பிவிடுகிறது. உட்காதிலுள்ள அரைவட்டக் குழாய்கள் தலை திரும்புவதை உணர்த்தும், ஆனால் மிக மெதுவாகத் திரும்பினால் அவற்றுக்குப் பிடிபடாது, ஒரே வேகத்தில் திரும்பிக்கொண்டே இருந்தால் சில விநாடிகளில் குழாய்க்குள் இருக்கிற திரவமும் கூடவே சுழலத் தொடங்கி “நீ திரும்பவில்லை” என்று சொல்லிவிடும். மூளையில் தலை எந்தப் பக்கம் நோக்குகிறது என்று குறிக்கும் நரம்பணுக்கள் இருக்கின்றன. எலிகளிடம் செய்த சோதனைகளில், விளக்கை அணைத்ததும் அவை காட்டும் திசை மெல்ல நகர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறார்கள். நமக்கும் இருட்டில் அதுதான் கதி.

2. இந்த ஊர்ச் சூரியனைப் புதிதாகப் பழகுங்கள்

இதில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்றேகால் பாகையைச் சற்றுத் தாண்டிய இடத்தில் இருக்கிறது. மார்ச் 23 வாக்கிலும் செப்டம்பர் 20 வாக்கிலும் உச்சிச் சூரியன் நேராகத் தலைக்குமேல் வரும். இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில், அதாவது ஏப்ரலிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிவரை, நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். மீதி மாதங்களில் தெற்கே. சென்னையிலும் சூரியன் வடக்கே போவது உண்டு, ஆனால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரைதான். ஆண்டின் பெரும்பகுதி அங்கே உச்சி வெயில் தெற்கிலிருந்துதான் அடிக்கும். “பகல் வெயில் முகத்தில் அடித்தால் தெற்கே பார்க்கிறேன்” என்று பழகிய மனம் இங்கே ஆண்டில் பாதி நாள் நேர் எதிர்ப்பக்கம் காட்டும்.

அடுத்தது கடிகாரம். இங்கே உச்சிப்பொழுது 12 மணிக்கு வராது, ஒரு மணியை ஒட்டித்தான் வரும். நம் தீர்க்கரேகைக்கு கிரீன்விச்சைவிட ஏழு மணி நேரம் முன்னால் இருப்பதே இயல்பு, ஆனால் 1982 தொடக்கத்திலிருந்து மலேசியாவோடு சேர்ந்து எட்டு மணி நேரம் முன்னால் வைத்திருக்கிறோம். அதனால்தான் காலை ஏழு மணிக்கும் விடிந்தும் விடியாமலும் இருக்கிறது. பன்னிரண்டு மணிச் சூரியனை “உச்சி” என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அப்போது அது இன்னும் கிழக்குப் பக்கம்தான் இருக்கும்.

கைக்கடிகாரத்தின் சிறிய முள்ளைச் சூரியனுக்கு நேராகப் பிடித்துத் தெற்கைக் கண்டுபிடிக்கிற உத்தி வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும். அது குளிர்நாட்டுக்காரர்களுக்கு உரியது. இங்கே சுத்தமாகப் பயன்படாது, மறந்துவிடுங்கள்.

சரி, என்னதான் செய்வது? காலை பத்து மணிக்கு முன்பும் மாலை நான்கு மணிக்குப் பின்பும் கவலையே இல்லை. இந்த ஊரில் சூரியன் உதிப்பதும் மறைவதும் ஆண்டு முழுவதும் சரியான கிழக்கு மேற்கிலிருந்து 23, 24 பாகைக்கு மேல் விலகாது. காலையில் நிழல் மேற்கே, மாலையில் கிழக்கே, அவ்வளவுதான்.

நடுப்பகலில் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டு, நிழலின் நுனியில் ஒரு கல் வையுங்கள். 15 நிமிடம் கழித்து நுனி நகர்ந்த இடத்தில் இன்னொரு கல். முதல் கல்லிலிருந்து இரண்டாம் கல்லுக்குப் போகிற கோடு மேற்கிலிருந்து கிழக்கு. உச்சி நேரத்தில் நுனி ஆறேழு சென்டிமீட்டர் நகரும், அது போதும். சூரியன் வடக்கே இருக்கிறதா தெற்கே இருக்கிறதா, இது எந்த மாதம் என்ற குழப்பம் எதுவும் இந்த முறையில் இல்லை என்பதால் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். என்ன, மேகம் வந்துவிட்டால் குச்சியும் கல்லும் சும்மா கிடக்கும். டிசம்பர் மழைக்காலத்தில் நாள் முழுக்க அப்படி இருக்கலாம்.

3. ஒரு குறி போதாது, இரண்டு வேண்டும்

தூரத்தில் ஒரு மரத்தையோ பாரந்தூக்கியையோ குறிவைத்து நடப்பது நல்லதுதான். ஆனால் ஒற்றைக் குறியில் ஓட்டை ஒன்று இருக்கிறது. நீங்கள் பக்கவாட்டில் விலகினாலும் முகம் அதையே பார்த்துக்கொண்டிருக்கும், விலகியது தெரியாது. கயாக்கில் இது அப்பட்டமாகத் தெரியும். படகின் மூக்கு கரையிலிருக்கிற படகுத்துறையை நோக்கியே இருக்கும், நீரோட்டம் உங்களைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும், கடைசியில் பெரிய வளைவு ஒன்றைப் போட்டுத்தான் கரை சேர்வீர்கள்.

அதனால் முன்னும் பின்னுமாக இரண்டு குறிகளை எடுங்கள். கிட்டத்தில் ஒரு கம்பம், அதற்கு நேர் பின்னால் தூரத்தில் ஒரு கட்டடம் என்று வையுங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிகிறவரை நீங்கள் கோட்டில் இருக்கிறீர்கள். தூரத்துக் குறி கம்பத்துக்கு வலப்பக்கம் எட்டிப்பார்த்தால் நீங்கள் வலப்பக்கம் விலகிவிட்டீர்கள், இடப்பக்கம் திரும்பிக் கோட்டுக்கு வாருங்கள். குமரிக் கடற்கரை மீனவர்கள் கரையிலுள்ள மலையையும் கோபுரத்தையும் இப்படிச் சேர்த்துப் பார்த்துத்தான் கடலுக்கடியில் இருக்கும் ‘பார்’ என்ற பாறைத் திட்டைக் கண்டுபிடிக்கிறார்கள். ஜிபிஎஸ் வருவதற்கு எவ்வளவோ முன்பிருந்து வருகிற கெட்டிக்காரத்தனம் அது.

கிட்டத்துக் குறியை அடைவதற்கு முன்பே அதே கோட்டில் அடுத்த குறியைத் தேர்ந்துகொள்ளுங்கள். அடைந்த பிறகு தேடலாம் என்று விட்டால் கோடு உடைந்துவிடும். முன்னால் ஒன்றுமே இல்லாத வெற்று மணல் என்றால் பின்னால் குறி வையுங்கள். நீங்களே இரண்டு கம்புகளை நட்டு, நடக்கும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக் கோட்டைக் காப்பாற்றலாம். திரும்பிப் பார்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. திரும்பி வரும்போது பாதை வேறு முகம் காட்டும், போகும்போதே அந்த முகத்தையும் பார்த்து வைத்தவர்கள் தடுமாறுவதில்லை. காட்டுப் பாதை பிரிகிற இடங்களில் இதை அவசியம் செய்யுங்கள்.

காம்பஸ் வைத்திருக்கிறீர்களா? சிங்கப்பூரில் காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், கூட்டல் கழித்தல் வேண்டாம். ஆனால் கம்பிக் கட்டு, கொள்கலன், இரும்புத் தகட்டு வேலி பக்கத்தில் நின்றுகொண்டு அதைப் பார்க்காதீர்கள். தொலைபேசியில் இருக்கிற காம்பஸுக்கும் இதே நோய். நாலைந்து அடி விலகி நின்று இன்னொரு தடவை பாருங்கள், முள் வேறு பக்கம் திரும்பினால் இரண்டு அளவையுமே நம்ப வேண்டாம். அதேபோல, உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவில் அசையாமல் நின்றுகொண்டு வரைபடத்தின் நீலப் புள்ளி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஆராய்வதும் வீண். பத்து இருபது அடி நடந்து புள்ளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பதே மேல்.

4. தூரத்தைக் கண்ணால் அளக்காதீர்கள்

வெறும் வெண்மையையோ வெறும் சாம்பல் நிறத்தையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண் தூரத்தில் குவியாது. பிடிக்க எதுவும் இல்லாததால் தானாகவே ஓய்வு நிலைக்குப் போய் ஒன்றிரண்டு மீட்டர் தொலைவில் குவிந்து நின்றுவிடும். உங்களுக்கோ தூரத்தை உற்றுப் பார்ப்பதாகவே தோன்றும், அந்த நேரத்தில் தூரத்திலிருந்து வருகிற படகு மங்கலாகக் கரைந்து போயிருக்கும். விமானிகளுக்கு இதைப் பாடமாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். கடலில் இருக்கும்போது அவ்வப்போது ஒரு மிதவையையோ கரையின் விளிம்பையோ பார்த்துக் கண்ணைத் தூரத்துக்கு இழுத்துவிட்டு, அப்புறம் வெறுமையைத் துழாவுங்கள்.

புகைமூட்டம் இன்னொரு தொல்லை. 2013 ஜூன் 21 அன்று இங்கே காற்று மாசைக் காட்டும் பிஎஸ்ஐ குறியீடு 401ஐத் தொட்டது, பக்கத்துப் புளோக்கே மங்கிவிட்டது. அவ்வளவு மோசமில்லாத நாளிலும், மங்கலாகத் தெரிவதை எல்லாம் மூளை “தூரத்தில் இருக்கிறது” என்றே எடுத்துக்கொள்ளும். எதிரே வரும் கப்பலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று தோன்றும், இருக்காது. பெருமழை காற்றைக் கழுவிவிட்ட பிறகு எல்லாம் தலைகீழ், தூரத்துத் தீவு கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதாகத் தெரியும். நீந்திப் போய்விடலாம் என்ற ஆசை அப்போதுதான் வரும்.

நல்ல வெளிச்சத்திலும் கண் ஏமாறும் என்பதற்கு மிகக் கொடுமையான சான்று அண்டார்ட்டிகாவில் நடந்தது. 1979 நவம்பர் 28 அன்று ஏர் நியூசிலாந்து விமானம் ஒன்று எரெபஸ் மலையில் மோதி அதிலிருந்த 257 பேரும் இறந்தார்கள். வழித்தடத்தின் இட எண்கள் மாற்றப்பட்டது விமானிகளுக்குச் சொல்லப்படவில்லை என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மேகத்துக்குக் கீழே தெளிவான காற்றில் பறந்தும்கூட, முன்னாலிருந்த வெண்பனிச் சரிவு வெண்மேகத்தோடு ஒன்றிப்போய்ச் சமதரையாகத் தெரிந்தது. அவர்கள் பார்க்காமல் போகவில்லை, பார்த்தார்கள், அங்கே பார்ப்பதற்கு ஒரு விளிம்புகூட இல்லை.

5. இருட்டில், அதுவும் கூட்டமாக இருக்கும்போது

சாங்கி கடற்கரையின் இருண்ட மூலையிலிருந்து கடலில் தனியாகத் தெரியும் ஒரு விளக்கைச் சிறிது நேரம் உற்றுப் பாருங்கள். அது அசைய ஆரம்பிக்கும். நங்கூரமிட்டு நிற்கிற கப்பலாக இருந்தாலும் சரி, அசையும். சுற்றிலும் இருட்டு என்றால் கண்ணின் சிறு நடுக்கத்தையும் விளக்கின் அசைவையும் மூளையால் பிரிக்க முடிவதில்லை. பார்வையை ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருங்கள், அல்லது இரண்டாவது விளக்கு ஒன்றைத் துணைக்குச் சேர்த்துப் பாருங்கள், அசைவு அடங்கிவிடும்.

1935இல் முசாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் இதே மயக்கத்தை வைத்து ஒரு சோதனை செய்தார். இருட்டறையில் அசையாத புள்ளி விளக்கு, அது எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று கேள்வி. தனித்தனியாகக் கேட்டபோது ஆளுக்கொரு அளவு சொன்னார்கள். சேர்த்து உட்கார வைத்ததும் எல்லாருடைய பதிலும் ஒன்றை ஒன்று நெருங்கி வந்தது, நகராத விளக்குக்கு! நாலு பேராகப் போய் வழி தெரியாமல் நிற்கும்போது “அண்ணே, நாம வந்த பக்கம் அதுதான்” என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னால் நிம்மதியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஒற்றுமை ஆதாரம் ஆகாது. முதலில் ஒவ்வொருவரும் வாய் திறக்காமல் ஒரு பக்கம் கையை நீட்டுங்கள், எல்லாரும் ஒரே நேரத்தில். கைகள் நாலு பக்கம் போனால் யாருக்கும் தெரியவில்லை என்று பொருள்.

நட்சத்திரங்களைப் பொறுத்தவரை துருவ நட்சத்திரத்தைத் தேட வேண்டாம், இங்கே அது அடிவானத்தில் ஒட்டிக்கொண்டு மரத்துக்கும் மங்கலுக்கும் பின்னால் மறைந்துவிடுகிறது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை முன்னிரவில் தெரிகிற ஓரியன் கூட்டத்தின் இடுப்பு மூன்று நட்சத்திரங்களும் உதிப்பது சரியாகக் கிழக்கே, மறைவது சரியாக மேற்கே என்று வைத்துக்கொள்ளலாம். ஏப்ரல் முதல் ஜூன் வரை முன்னிரவில் தென்சிலுவை தெற்கைக் காட்டும்.

6. எல்லாம் ஒன்றுபோல் இருக்கும் இடங்கள்

ஒன்றுமே இல்லாத வெளியும் ஒரே மாதிரி நூறு இருக்கிற பேட்டையும் வழி தேடுபவருக்கு ஒன்றுதான். எம்ஆர்டி ரயில் நிலையத்தில் மின்படிகள் இரண்டு மூன்று முறை திரும்பி ஏறுவதால் மேலே வரும்போது திசை கட்டாயம் கலைந்திருக்கும். கீழேயே வாயிலின் எழுத்தையோ எண்ணையோ பார்த்துத் தேர்ந்துகொள்ளுங்கள், மேலே வந்ததும் ஒரு தெருப் பெயர் கண்ணில் படும்வரை நடக்காதீர்கள். பேருந்து நிறுத்தம் தெரிந்தால் அதன் ஐந்து இலக்க எண்ணைப் பாருங்கள், பெரும்பாலும் சாலையின் ஒரு பக்க நிறுத்தம் 1இல் முடியும், எதிர்ப்பக்கம் 9இல்.

புளோக்குகளில் பக்கவாட்டுச் சுவரில் பெரிதாக எழுதிய எண்தான் உங்கள் கோபுரம். பழைய பேட்டைகளில் அஞ்சல் குறியீட்டின் கடைசி மூன்று இலக்கம் பெரும்பாலும் புளோக் எண்ணேதான். அங் மோ கியோ 123ஆம் புளோக்கின் குறியீடு 560123. நிலத்தடி கார் நிறுத்துமிடத்தில் காரைப் படமெடுத்துப் பயனில்லை, தூணின் எண்ணும் தளத்தின் எண்ணும் விழுகிற மாதிரி எடுங்கள்.

7. வழி தவறிவிட்டது என்று தெரிந்தால்

நில்லுங்கள். இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கலாம் என்பதுதான் வட்டத்தின் அடுத்த சுற்று. நின்ற இடத்தில் பையையோ துண்டையோ பளிச்சென்று தெரிகிற மாதிரி மாட்டிவிட்டு, அது கண்ணில் இருந்து மறையாத தூரம்வரை ஒரு பக்கம் போய்ப் பாருங்கள், ஒன்றும் கிடைக்காவிட்டால் திரும்பி வந்து அடுத்த பக்கம். மழைநீர்க் கால்வாய், வேலி, நீர்த்தேக்கக் கரை மாதிரி நீண்டு போகிற ஏதாவது ஒன்று கிடைத்தால் அதை விடாமல் பின்பற்றலாம். காட்டுக்குள் விரைவுச்சாலையின் இரைச்சல் கேட்டால் அதுவும் ஒரு குறிதான், காற்று மாறினால் மட்டும் கொஞ்சம் ஏய்க்கும். இயற்கை வனப்பகுதிகளில் குறித்த பாதையை விட்டு இறங்குவது சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லிவைக்கிறேன். பாதையிலேயே இருந்தால் இந்தப் பத்திக்கே வேலை இருக்காது.

மெக்ரிட்சி போன்ற இடங்களில் மாலை ஐந்தரைக்குள் வெளியேறும் பாதைக்கு வந்துவிடுங்கள். ஏழு மணி வாக்கில் சூரியன் மறைந்தால் இருபது நிமிடத்தில் இருட்டிவிடும், மரங்களுக்குக் கீழே அதற்கும் முன்பே. தொலைபேசியில் மின்சாரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே போகும் முன்பே உதவி கேளுங்கள், அவசரம் என்றால் 995. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். “மரமா இருக்கு” என்று சொல்லாமல், கடைசியாகப் பார்த்த பாதைப் பலகையின் பெயரையும், அதைத் தாண்டி எவ்வளவு நேரம் நடந்தீர்கள் என்பதையும், வரைபடச் செயலியில் தெரிகிற இட எண்களையும் சொல்லுங்கள். சாலையோரம் என்றால் விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருக்கிற எண்ணையும் சாலையின் பெயரையும் சொன்னால் போதும். சொன்ன பிறகு அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.